எங்க கடையில் புழு கிடையாது

கழக்கூட்டம் என்கிற ஊரில் எங்கள் அலுவலக வளாகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் புல் வெட்டுவார்கள். முதலில் சத்தம் வரும். கோபக்கார வண்டு ஒன்று மைதானம் முழுக்க அலைகிற மாதிரி. அப்புறம், கண்ணாடிச் சுவர், ஏசி, அட்டையைத் தேய்த்தால் மட்டும் திறக்கிற கதவு எல்லாவற்றையும் தாண்டி அந்த மணம் உள்ளே வந்துவிடும். அதற்கு அட்டை வேண்டாம். பச்சை மணம். ஈரமும் லேசான இனிப்புமாய் மூக்கின் உச்சியில் ஏறி உட்காரும். பக்கத்து மேஜைப் பெண் கண்ணை மூடி, "ஹோ, எந்து நல்ல மணம்!" என்பாள்.

நான் சிரித்துவிடுவேன். சிரிக்காமல் என்ன செய்ய? என் காதுக்குள் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்று கத்துகிறாள்:

"மணமா? எட்டீ, அது அலறலாக்கும்! வெட்டுப்பட்ட ஒவ்வொரு புல்லும் ஆள் கூப்பிடுது. கேக்கலையா ஒனக்கு?"

கேட்கிறது, தாயே, கேட்கிறது. ஒருமுறை கேட்கத் தொடங்கிவிட்டால் அப்புறம் நிறுத்த முடிவதில்லை.

அவள் சொல்லும் கதை இதுதான். புழு இலையைக் கடிக்கிறது. இலையால் ஓட முடியாது, அடிக்க முடியாது, கத்த வாயுமில்லை. ஆனால் மணக்க முடியும். கடிபட்ட இடத்திலிருந்து ஒரு மணத்தை அவிழ்த்துக் காற்றில் விடும். புழுவைத் தேடித் தேடிக் கால் ஓய்ந்த ஒரு குளவி, எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, சட்டென்று திரும்பும். யாரோ கூப்பிட்டாங்களே! வரும். புழுவின் எச்சம் அதற்கு மேல் ஒரு மணம் மணக்கும், அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு நேரே புழுவின் வீட்டுக்குள் நுழையும். இதை அவள் மூன்று பேராகவும் நடித்துக் காட்டுவாள். இலையாகும்போது இரண்டு கையையும் விரித்து நடுங்குவாள். புழுவாகும்போது கன்னத்தை உப்பி மெல்லுவாள். குளவியாகும்போது எங்கள் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவுவாள். எண்ணெய்க் குப்பியோடு ஏறி வந்துகொண்டிருந்த என் அண்ணன் மனைவி, எங்கள் மைனி மேல் ஒருமுறை மோதி, படி முழுக்க எண்ணெய் ஓடி, மூன்று நாள் நாங்கள் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு புழுவைப் போல ஊர்ந்துதான் ஏறினோம்.

அவள் எங்கள் மேல்வீட்டில் குடியிருந்தவள். பெயர் இங்கே வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அண்ணனுக்கு அவள் 'பிள்ளே'. மைனிக்கு 'மேல உள்ளவ'. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனால் அக்கா என்றால் அடிக்க வருவாள். சொந்த ஊர் குழித்துறைப் பக்கம். பாதித் தமிழும் பாதி மலையாளமும் அவள் வாயில் ஒரே பாத்திரத்தில் வெந்த சோறும் பயறும் மாதிரி இருக்கும்.

சாலைக் கடைத்தெருவில் எங்கள் வீடு ஒரு அலமாரியைப் போன்றது. கீழ்த்தட்டில் முன்னால் அண்ணனின் தானியக் கடை, பின்னால் குடோன். நடுத்தட்டில் அண்ணன், மைனி, நான். மேல்தட்டில், மொட்டைமாடியை ஒட்டின இரண்டு அறையில் அவள். நாஞ்சில் நாட்டிலிருந்து தாத்தா வண்டி ஏறி வந்ததிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு ஒரே எதிரி, அந்துப்பூச்சி. அரிசியில், ரவையில், கம்பில் நூல் நூலாய்ப் பின்னி, உள்ளே புழுவாய் நெளிந்து, சாம்பல் நிறத்தில் சிறகு முளைத்துப் பறக்குமே, அதுதான். அண்ணன் அதன் பெயரைக்கூடக் கடைக்குள் சொல்ல விடமாட்டார்.

இப்படிப்பட்ட கடைக்கு, வாடிக்கையாளர்கள் நிறைந்த ஒரு காலை நேரத்தில், அவள் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, உடைச்ச கம்பு வேணும். மருந்து கிருந்து வைக்காததா இருக்கணும்."

"எதுக்கும்மா, கூழுக்கா?"

"புழு வளர்க்க."

கடை அப்படியே நின்றது. தராசின் முள்கூட நின்றிருக்கும்.

"எங்க கம்புல புழு வளராது," என்றார் அண்ணன்.

"வளரும் அண்ணாச்சி, நான் வளர்ப்பேன்."

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. தென்னோலையின் அடியில் கூடாரம் போட்டுச் சுரண்டித் தின்னும் கருந்தலைப் புழு என்று ஒன்று இருக்கிறது. அது விழுந்த தோப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் தீப்பிடித்து அணைந்தது போலிருக்கும். அந்தப் புழுவுக்கு ஒரு எமன். எறும்பைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் குளவி. அந்தக் குளவியை வளர்த்துத் தோப்புகளில் விடுகிற ஒரு நிலையத்தில்தான் அவளுக்கு வேலை. கருந்தலைப் புழு எப்போதும் கிடைக்காது; அதனால் குளவிக்கு அந்துப்புழுவைக் கொடுத்து வளர்ப்பார்கள். அந்துப்புழுவுக்குக் கம்பு. ஆக, எங்கள் பரம்பரை எதிரிக்குச் சாப்பாடு வாங்க எங்கள் கடைக்கே வந்திருந்தாள் மகராசி.

கம்பை வாங்கிக்கொண்டு திரும்பியவள் நின்றாள். மூக்கை உயர்த்தினாள். குடோன் பக்கமாக ஒரு மூச்சு, நீளமாக, கோயில் பிரசாதத்தை முகர்வது போல.

"பின்னால யாரோ பேசிட்டு இருக்காங்களே அண்ணாச்சி."

"எங்க கடையில புழு கிடையாது," என்றார் அண்ணன். அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"சும்மா சொன்னேன்."

"எங்கப்பா காலத்துலேர்ந்தே கிடையாது!"

அவள் சிரித்தாள். அன்று சாயங்காலமே, வாடகைக்கு வீடு தேடுகிறாள் என்று கேள்விப்பட்டு, அண்ணன் மேல்வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டார். "பயந்தாக்கும் குடுத்தாரு," என்பாள் மைனி. "வெளிய விட்டா ஊரெல்லாம் சொல்லிருவாளே."

அந்த மூக்கைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அழகான மூக்கென்று சொல்ல மாட்டேன். சற்றே பெரியது, நுனியில் எப்போதும் ஒரு அசைவு. நிலையத்தில் அந்துப்பூச்சியின் செதில் பறக்கும் என்று, ஊர் உலகத்துக்கே முகக்கவசம் வருவதற்கு வெகுமுன்பே அவளுக்கு வந்துவிட்டது. ஆனால் அது தாடையில்தான் தொங்கும். "வாயைப் பொத்தலாம், மூக்கைப் பொத்துனா நான் செவிடாக்கும்!"

படியில் யார் வருகிறார்கள் என்று கதவைத் திறக்காமல் சொல்வாள். அண்ணன் மருத்துவரிடம் சத்தியம் பண்ணிவிட்டுப் பின்வாசலில் பீடி பிடித்தது, மழைத்தண்ணீரோடு சாக்கடை கலந்தது, நான் குளியலறையில் அழுதது, எல்லாம் அவளுக்குத் தெரியும். "அழுத முகம் உப்பா மணக்கும், சோப்பு போட்டாலும் போகாது, வா, டீ போடுறேன்." மைனி அம்மியில் கொத்தமல்லி அரைத்தால் மேலிருந்து குரல் வரும்: "மைனி, கொலை! பச்சைக் கொலை! எனக்கும் ரெண்டு கரண்டி எடுத்து வையுங்க!"

ஒரு நாள் கரமனை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று எழுந்து பெல்லை இழுத்தாள். என் கையையும் இழுத்தாள். இறங்கவேண்டிய இடத்துக்கு இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது.

"என்ன?"

"கறிவேப்பிலை. கடிபடுது."

மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதாவது மூக்கு அவளைப் பிடித்துக்கொண்டு, ஒரு சந்துக்குள் போய் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கேட்டைத் திறந்தாள். முற்றத்தில் ஒரு கறிவேப்பிலை மரம், பாதி மொட்டை. அதன் முன்னால் நைட்டியில் ஒரு அம்மா, கையில் மருந்தடிக்கும் பாட்டில், விரல் விசையில்.

"ஐயோ சேச்சி, அடிக்கல்லே, அடிக்காதீங்க!"

"ஆரா நிங்ஙள்?" அந்த அம்மா திடுக்கிட்டுப் பாட்டிலை எங்கள் பக்கம் திருப்பினாள்.

இவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு இலையைப் புரட்டிக் காட்டினாள். பச்சைப் புழு ஒன்று, அதன் முதுகிலும் பக்கத்திலும் அரிசிக்குருணை மாதிரி வெள்ளை வெள்ளையாய்.

"புழுவின்றெ முட்டையல்லே அது?" அந்த அம்மாவின் முகம் அருவருப்பில் சுருங்கியது.

"முட்டையில்ல சேச்சி. குளவிக் குஞ்சுங்க கட்டின கூடாக்கும். இந்தப் புழு கதை முடிஞ்சாச்சு. மரம் கூப்பிட்டுது, ஆள் வந்தாச்சு. நீங்க இப்ப மருந்தடிச்சா வந்த ஆளைத்தான் கொல்லுவீங்க. ரெண்டு நாள் பொறுங்க."

மரம் கூப்பிட்டது, ஆள் வந்தாச்சு. அவள் வாழ்க்கையின் மொத்தச் சாரமும் அந்த ஒரு வாக்கியம். எங்கள் வீட்டில் அது எல்லாவற்றுக்கும் பொருந்தியது. குழாய் ஒழுகினால், மைனிக்கு முதுகு வலித்தால், என் வேலையில் ஒருவன் தொல்லை கொடுத்தால், "பொறு, ஆள் வரும்." எரிச்சலாக இருக்கும். பெரும்பாலும் வரவும் செய்யும். பார்த்தால் அது அவளாகவே இருக்கும், கையில் ஸ்பானரோ தைலமோ வசைமொழியோ வைத்துக்கொண்டு.

அந்த அம்மா எங்களுக்கு எலுமிச்சை பிழிந்து நாரங்கா வெள்ளம் போட்டுக் கொடுத்தாள். ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டேன். "கடிபட்டதா பாத்து எடு," என்றாள் இவள். "அதுலதான் ஆள் இருக்கும்."

பிறகு ஊரடங்கு வந்தது.

நிலையத்தைப் பூட்டச் சொன்னார்கள். குளவிகளுக்கு யார் விடுப்பு கொடுப்பது? புழு கிடைக்காமல் பெரும்பாலும் செத்துப்போயின. மிச்சமிருந்ததை அவள் இரண்டு தகரப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, போலீஸ்காரரிடம் "மருந்து சார், தென்னைக்கு மருந்து" என்று சொல்லி, எங்கள் மேல்வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புழு, ஒரு குளவி, தேன் தொட்ட ஒரு பஞ்சு. ஒரு அறை முழுக்கக் கம்புத் தட்டுகள், துணி மூடி, உள்ளே அந்துப்புழு வளர்ந்துகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலே! அண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விழிஞ்ஞத்துப் பக்கம் ஒரு தோப்பு. கருந்தலைப் புழு விழுந்து ஓலையெல்லாம் கருகி நின்றது. தோப்புக்காரர் வயதானவர், மரங்களை வெட்டிவிடலாம் என்றிருந்தார். அவரிடம் இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்: "வெட்டாதீங்க. மழை முடியறதுக்குள்ள நான் ஆள் அனுப்புவேன்." அந்த 'ஆள்' எல்லாம் இப்போது எங்கள் மாடியில், அந்த இரண்டு தகரப் பெட்டியில்.

மழைக்கு நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் அதுதான் என்றார்கள். நீல உடுப்புக்காரர்கள் ஆம்புலன்ஸில் ஏற்றும்போது படியிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்: "பஞ்சுல தேன் மட்டும் தொட்டு வை! கம்புத் தட்டைத் தொடாத, அதுபாட்டுக்கு இருக்கும்!" எங்கள் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று பேரும் வெளியே போகக்கூடாது. கடை பூட்டு.

அவள் சொன்னதை நான் கேட்டேன். அண்ணனிடமும் மைனியிடமும் சொல்ல மறந்தேன். என் தவறு அவ்வளவுதான், ஆனால் அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் மழை விட்டு நல்ல வெயில். நான் நடுத்தட்டில் காதில் மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். முப்பது வருஷமாக விடிந்தால் கடை என்று இருந்த இரண்டு பேருக்கு முதல்முறையாகக் கையில் வேலை இல்லை. இரண்டு நாள் கழித்து மேலே போனேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் காக்கைகள். வயிறு உப்பி, கரையக்கூட முடியாமல். அறையில் தட்டுகள் துடைத்து அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு சாக்கில் கம்பு, பளபளவென்று.

"பாவம், எல்லாம் புழு புடிச்சுக் கெடந்துது," என்றாள் மைனி, முறத்தைத் தட்டிக்கொண்டே. "சொகமில்லாம வர்ற பிள்ளை இத வேற பாக்கணுமா? புடைச்சு, சலிச்சு, ரெண்டு வெயிலும் காட்டிட்டேன்."

அண்ணன் ஒரு பிடி அள்ளிக் காட்டினார். "பாரு. முத்து!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கம்பில் புழுவைக் கண்டால் கை சும்மா இருக்குமா எங்கள் குடும்பத்துக்கு? அன்பு காட்டுவதற்கே இவர்களுக்குத் தெரிந்த வழி அதுதானே.

அன்று மாலை அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். குரல் நூலாய் மெலிந்திருந்தது.

"எட்டீ, எனக்கு மணம் போச்சு."

"என்ன?"

"சோப்பு மணக்கல. பினாயில் மணக்கல. ஆரஞ்சுத் தோலை மூக்குக்குள்ளயே பிழிஞ்சு பாத்தேன், எரியுது, ஆனா மணக்கல. ஊரே வாயை மூடிட்ட மாதிரி இருக்கு. என் அறைக்குப் போ. மூச்சை இழு. என்ன மணக்குன்னு சொல்லு."

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னு ஒரு மணம் கெடையாது."

"அது வந்து... ரொம்ப நாள் கழிச்சு ஒரு பழைய கடிதத்தைப் பிரிச்ச மாதிரி..."

"ஒனக்குப் புண்ணியமாப் போகும், உவமை வேண்டாம். கம்பு என்ன மணக்கு?"

பொய் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. "வெயில் மணக்கு."

"வெயிலா? மழைக் காலத்துல அறைக்குள்ள கெடக்க கம்பு எப்படி வெயில் மணக்கும்?... காயப் போட்டீங்களா?"

"ரெண்டு வெயில்."

"சலிச்சாச்சா?"

"சலிச்சாச்சு."

"புடைச்சது மைனியா?"

"அண்ணனும்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருமினாள், பக்கத்துக் கட்டிலில் யாரோ அதட்டினார்கள். "தானியக் கடைக்காரன் வீட்டை நம்பி அந்துப்புழுவை விட்டுட்டு வந்தேனே, எனக்கு வேணும்!" பிறகு சிரிப்பு நின்றது. "எட்டீ, குழாய்ல வெள்ளையா கூடு இருக்கில்லா? மூணு நாள்ல பிரியும். பிரிஞ்சு வர்ற குளவிக்குப் புழு வேணும். தேனைக் குடிச்சுக் கெடக்கும், ஆனா முட்டை வைக்க எடமில்லேன்னா அப்படியே கெழடாகிச் செத்துரும். நிலையத்துல எல்லாம் போச்சு. அந்தத் தோப்புக்கு வேற ஆளே இல்ல." இன்னும் மெதுவாக, "அண்ணாச்சிகிட்ட கேளு. குடோன்ல."

கேட்டேன்.

அண்ணன் எழுந்து நின்றார். "என்ன கேட்ட? எங்க குடோன்லயா? எங்கப்பா காலத்துலேர்ந்து..." முழுவதும் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தார். மைனி என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

அடுத்த நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கண் அசந்த நேரம், கீழே குடோனில் சத்தம் கேட்டது. மூட்டையில் குத்தூசி இறங்குகிற சத்தம், சரக், சரக். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துப் பார்ப்பதற்கு வியாபாரிகள் வைத்திருக்கும் ஊசி அது. சரக். அப்புறம் அண்ணன் படியேறி வந்தார், வேட்டியெல்லாம் மாவு, கையில் கடையின் மஞ்சள் துணிப்பை. என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பைக்குள் ரவை. ரவையா அது? நூலும் பிசினுமாய்ப் பின்னிப் பிணைந்து, உள்ளே கொழுகொழுவென்று நூற்றுக்கணக்கில்.

"பக்கத்துக் கடைக்காரன் குடுத்தான்," என்றார் ஜன்னலிடம்.

"அவன் கடை ரெண்டு மாசமா பூட்டிக் கெடக்கே அண்ணா? நம்ம வாசல்லயும் நோட்டீஸ்..."

"சுவத்து மேல வச்சிட்டுப் போனான்!"

"நல்ல மனுஷன்," என்றாள் மைனி, நிமிராமலே.

அவளைக் கூப்பிட்டேன். "என்ன மணக்கு, உவமை இல்லாம சொல்லு," என்றாள். பைக்குள் முகத்தை விட்டேன். "புளிச்ச மாவு. தூசி. கொஞ்சம் எண்ணெய்ச் சிக்கு."

"அதான்! அதேதான்! தங்கமான புழு! யார் கடை?"

"பக்கத்துக் கடை."

"சரி, பக்கத்துக் கடைக்காரருக்கு நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு அண்ணாச்சிட்ட சொல்லிரு."

அந்த மாலையை எப்படிச் சொல்வேன்! மைனி முறத்தோடு உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுக்கப் புழுவை எறிந்து ரவையை வைத்துக்கொண்ட கை, இப்போது புழுவை வைத்துக்கொண்டு ரவையை எறிந்தது. அடிக்கடி மறந்துபோய்ப் புழுவை ஜன்னல் வழியாக வீசினாள். உடனே தலையில் அடித்துக்கொண்டாள். காக்கைகள் மறுபடியும் கூடிவிட்டன. "இது தேறுமா?" "அது நோஞ்சான், வேண்டாம்." "இந்தாங்க, இது மாப்பிள்ளை மாதிரி இருக்கு!" குழாய்க்கு ஒரு புழுவாகப் போட்டோம். அவள் சொன்ன நாளில் கூட்டை விட்டுக் குளவிகள் வந்தன, துளித் துளி மை மாதிரி. ஒன்று புழுவின் மேல் ஏறியது. புழு துள்ளியது, குளவி விடவில்லை. ஒரு குத்து. புழு அடங்கிப்போனது. பிறகு அதன் உடம்பில் வரிசையாக முட்டைகள், நீர்ச்சொட்டு போல.

அண்ணன் அரிசியின் தரம் பார்க்கும் லென்ஸை எடுத்து வந்து குனிந்தார். நிமிரவே இல்லை.

"போக மாட்டேங்குதே."

"எது?"

"தாய். முட்டையை வச்சிட்டுப் பக்கத்துலயே நிக்குது. பாரு, தள்ளிப் போக மாட்டேங்குது."

அதிலிருந்து காலையில் பல் விளக்குவதற்கு முன் மேலே போய் லென்ஸோடு நின்றார். கடை கணக்குப்பிள்ளை போனில் கூப்பிட்டால், "அப்புறம் பேசு, இங்க பிரசவ வார்டுல நிக்கேன்," என்பார். 'பக்கத்துக் கடைக்காரர்' இன்னும் மூன்று முறை சுவரில் பை வைத்துவிட்டுப் போனார்.

அவள் திரும்பி வந்தபோது குளவிகள் இருந்தன. அவள் விட்டுப் போனதைவிட அதிகமாகவே இருந்தன. மூக்குதான் வரவில்லை.

நான் படியில் ஏறிப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து, "ஆரு?" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் என் பெயரைச் சொன்னேன்.

குளவிகளைத் தோப்பில் விடுவதற்கு முன்னால் அவள் ஒரு 'பள்ளிக்கூடம்' நடத்துவாள். அந்துப்புழுவைத் தின்று வளர்ந்த குளவிக்குக் கருந்தலைப் புழுவின் மணம் தெரியாதே. அதனால் தென்னோலையில் அது விட்ட எச்சத்தைக் குழாயில் வைத்து முகரக் கொடுத்துத்தான் விடவேண்டும். அப்போதுதான் மரத்தில் நேரே போகும். எச்சத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் குளவி தப்பான பாடம் படித்துவிடும். அதுவரை அவள் மூக்குதான் அதைப் பார்த்துச் சொல்லும். இப்போது பொட்டலத்தைப் பிரித்து என் மூக்குக்கு நீட்டினாள்.

"பூஞ்சையா?"

"ஈரமான..."

"ஈரமான என்னது? பள்ளிக்கூடப் பலகை, காதலன் சட்டை, அதெல்லாம் வேண்டாம்."

"ஈரம் இல்ல. காஞ்ச ஓலை. கொஞ்சம் தேயிலை. பூஞ்சை இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நல்லாப் படிச்சிட்டியே," என்றாள். அதற்கப்புறம் எழுதும் எதிலும் ஒரு 'மாதிரி' வந்தால் எனக்குக் கை கூசுகிறது. வருகிறது, என்ன செய்ய. இதிலேயே எத்தனை வந்துவிட்டது.

தடை நீங்கிய வாரத்தில் விழிஞ்ஞத்துக்குப் போனோம், அண்ணனும் வந்தார். மரத்துக்கு மரம் நின்று குழாயின் பஞ்சை எடுத்தாள். மைத் துளிகள் கண்ணாடி விளிம்பில் ஒரு நொடி யோசித்தன. பிறகு கருகிய ஓலையை நோக்கி, வீட்டு விலாசம் தெரிந்தவர்கள் போலப் போய்விட்டன. அண்ணன் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தார். உப்புக் காற்று என்றார். ஒன்றிரண்டு மாதத்துக்குள் தோப்புக்காரர் ஒரு ஓலையை வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கே வந்தார். அடியில் புழுக் கூடாரமெல்லாம் காலி, வெள்ளைக் கூடுகள் நிறைய. மரத்தின் உச்சியில் புதுக்குருத்து பச்சையாக வந்திருக்கிறது என்றார். அவள் அந்த ஓலையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே நின்றாள். பிறகு மணம் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மடித்து வைத்தாள்.

"ஆள் வரும்," என்றேன் நான்.

"எனக்கே சொல்லுதியா!" என்று சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவளோடு மேல்வீட்டுப் படி ஏறவில்லை.

ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. அப்புறம் வடக்கே, கண்ணூர்ப் பக்கம், மாற்றல் வந்தது. தம்பானூர் ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். மைனி முந்திரிக்கொத்து செய்து டப்பாவில் போட்டிருந்தாள். அவசரத்தில் கைக்குக் கிடைத்த பையில் அதை வைத்து அண்ணன் எடுத்து வந்திருந்தார். வண்டி புறப்படுகிற நேரம்வரை அவள் மைனியிடம் படியில் எண்ணெய் கொட்டிய கதையையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். விசில் ஊதியதும் அண்ணன் ஜன்னல் கம்பி வழியாகப் பையைத் திணித்தார். மஞ்சள் துணிப்பை.

வண்டி அசைந்தது. அவள் டப்பாவை வெளியே எடுத்து மடியில் வைத்தாள். காலிப் பையைச் சுருட்டப் போனவள் நின்றாள். மூக்கின் நுனி அசைந்தது. பையை விரித்து முகத்தை முழுக்க அதற்குள் விட்டாள். வெளியே எடுத்தபோது முகம் நனைந்திருந்தது.

"அண்ணாச்சி!" பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல். "புளிச்ச மாவு! தூசி! எண்ணெய்ச் சிக்கு! மணக்கு அண்ணாச்சி, எனக்கு மணக்கு! இது பக்கத்துக் கடை இல்ல, ஒங்க குடோனாக்கும்! ஒங்க கடைப் புழு மணக்கு!"

பிளாட்பாரத்தில் எங்கள் பழைய வாடிக்கையாளர் இரண்டு பேர் பெட்டியும் கையுமாக நின்று அண்ணனையே பார்த்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு வண்டியோடு ஓடினார், அறுபது வயது மனுஷர், இரண்டு கையையும் உயர்த்தி, தம்பானூர் முழுக்கக் கேட்கும்படி:

"ஆமா பிள்ளே! இருக்கு! எங்க கடையில புழு இருக்கு! நெறைய இருக்கு!"